நதிமூலம் தேடி ஒரு ரயில் பயணம்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். ரிஷிகளுக்கு அது சரியாக இருக்கலாம். உழைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு அது சரிப்படாது. நம் மூலத்தை நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

இன்றைக்கே உங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு, "உன் அப்பா பெயர் என்ன?" என்று கேளுங்கள். உடனே சொல்லும். தாத்தா பெயர்? கொஞ்சம் யோசித்துச் சொல்லும். தாத்தாவின் அப்பா பெயர்? பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் உங்கள் மனைவியின் முகத்தைப் பார்ப்பீர்கள். பாட்டியின் அம்மா பெயரைக் கேட்டாலோ வீடே மௌனமாகிவிடும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயருக்குப் பின்னால் "அனாக் லெலாக்கி" அல்லது "அனாக் பெரும்புவான்" என்று போட்டு அப்பா பெயரை எழுதுகிறார்கள். அந்த அட்டை ஒரே ஒரு தலைமுறையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தலைமுறை வந்ததும் பழைய பெயர் கழன்று விழுந்துவிடும். தாய்வழிக்கு அதில் இடமே இல்லை. இப்படி மூன்று தலைமுறை போனால், கடல் கடந்து வந்த முதல் தம்பதியின் பெயர் கரைந்துபோகிறது.

அமெரிக்காவில் ஒரு தம்பதி

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் நெபிராஸ்கா என்றொரு மாநிலம் இருக்கிறது. 1862-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. புதிய இடத்தில் குடியேறி ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்கிறவருக்கு 160 ஏக்கர் நிலம் சொந்தம் என்றது அந்தச் சட்டம். 1863 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தபோது முதலில் மனுப் போட்டவர்களில் டேனியல் ஃப்ரீமன் என்பவரும் ஒருவர். அவருடைய மனைவி ஆக்னஸ். அவர்கள் பண்ணை இன்று தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. இப்படிப்பட்ட முன்னோடித் தம்பதிகளின் வாரிசுகள், நிலப்பட்டாவையும் குடிமதிப்புக் கணக்கையும் குடும்பப் பைபிளில் எழுதிவைத்த பிறப்பு இறப்புத் தேதிகளையும் கொண்டு பெரிய பெரிய வம்சாவளி மரங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த நிலம் அதற்கு முன்பு செவ்விந்திய மக்களுடையதாக இருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நம் ஆட்களும் காட்டைத் திருத்தப் புறப்பட்டார்கள். அங்கே காட்டைத் திருத்தியவனுக்கு நிலம் கிடைத்தது. இங்கே காட்டைத் திருத்தியவனுக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. நிலம் கிடைத்தவன் பெயர் பட்டாவில் ஏறியது. நம் ஆள் பெயர் செக்ரோலில் ஏறியது. வித்தியாசம் அவ்வளவுதான்! ஆனால் செக்ரோலும் ஒரு புத்தகம்தானே? அதிலும் பெயர் இருக்கிறதே? ஆகவே நம் வம்சாவளியைத் தேடவே முடியாது என்று கையை விரிப்பது சரியல்ல. எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் பயணமே போதும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஏறுவோம், வாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: செங்கல்லும் தண்டவாளமும்

1881-இல் கோலாலம்பூரில் பெரிய தீ விபத்து ஏற்பட்டது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரைகளும் மர வீடுகளும் நாசமாயின. இனிமேல் செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்று அன்றைய ஆங்கில அதிகாரி சுவெட்டன்ஹாம் முனைந்தார். செங்கல் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பின்னால் ரயில்வே வந்தது. தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் தமிழகத்துத் தொழிலாளர்கள் வந்தார்கள். கணக்கெழுதவும் நிலையங்களைப் பார்த்துக்கொள்ளவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வந்தார்கள். ஸ்காட் சாலையில் இருக்கும் கந்தசாமி கோயிலும், 1904-இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமமும் அந்தக் காலத்தின் சாட்சிகள்.

இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் வம்சாவளி விஷயத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் எழுதப் படிக்கத் தெரிந்து வந்தவர்கள். ஊரும் பெயரும் வேலையும் அவர்களே எழுதிவைத்தார்கள். 1867 முதல் 1967 வரை இலங்கையிலிருந்து வந்தவர்களின் நூறாண்டு வரலாற்றைத் துரைராஜசிங்கம் என்ற அறிஞர் ஒரு நூலாகவே தொகுத்துவிட்டார். தோட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் போன நம் பாட்டன் பாட்டியைப் பற்றி எழுதியவர்கள் கிராணிமார்களும் துரைமார்களும்தான். அவர்கள் எழுதியது பெயரும் நாள் கூலியும். ஊரையும் உறவையும் அவர்கள் கேட்டு எழுதவில்லை.

பழைய ரயில் கொட்டகைகள் இருந்த இடத்தில் 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010-இல் பிரிக்பீல்ட்ஸுக்கு லிட்டில் இந்தியா என்று பெயர் சூட்டினார்கள். பூக்கடையும் பலகாரக் கடையும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் வம்சாவளி தேடுகிறவர் கடைகளோடு நின்றுவிடக் கூடாது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்தவர்கள் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் குடும்பம் எந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தது, யார் யாருக்குச் சம்பந்தி என்பது அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

ஜன்னல் ஓரம் உட்காருங்கள்

கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். இது சாதாரணப் பாதையல்ல. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை போட்ட பாதை, 1890-இல் ஆற்றுப் பாலத்தைக் கடந்து கிள்ளானை எட்டியது. 1899-இல் கடலோரத்தைத் தொட்டது. நம் முன்னோரில் பலர் முதன்முதலாக இந்த மண்ணின் உட்பகுதியைப் பார்த்தது இந்தப் பாதையில்தான். அவர்கள் வந்த திசைக்கு எதிர்த்திசையில் நாம் போகிறோம்.

பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா என்று நிலையங்கள் வருகின்றன. இரண்டு பக்கமும் வீடுகள், தொழிற்சாலைகள், அடுக்குமாடிகள். இவை எல்லாம் ஒரு காலத்தில் கித்தா மரங்கள் நின்ற இடங்கள். 1950-களில் பெட்டாலிங் ஜெயா உருவானது எஃபிங்ஹாம் தோட்டத்து மண்ணில். 1970-களில் சுபாங் ஜெயா எழுந்தது சீஃபீல்டு தோட்டத்து மண்ணில். 1978-இல் மாநிலத் தலைநகரான ஷா ஆலம் நிற்பது சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில்.

தோட்டம் நகரமானதில் நாட்டுக்கு லாபம் உண்டு. நமக்கு ஒரு நஷ்டமும் உண்டு. தோட்டம் போனால் லயம் போகிறது. லயம் போனால் பக்கத்து வீடு போகிறது. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தன் உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் திரட்டி வந்த காலம் அது. ஆகவே ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுக்காரர்கள் பல சமயம் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தார்கள். உங்கள் பாட்டன் ஊர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் பக்கத்துக் கதவில் குடியிருந்தவரின் பேரனுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தப் பேரன் இன்று ஏதோ ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார். அவரைத் தேடிப் பிடிப்பதுதான் வம்சாவளி வேலையில் முதல் வேலை.

கிள்ளான்: காப்பியும் கித்தாவும்

கிள்ளான் நிலையத்தில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்தால் மல்லிகை வாசமும் மசாலா வாசமும் சேர்ந்து வரவேற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயில் இந்த ஊருக்குப் பெருமை.

கிள்ளான் வட்டாரத்துக்கு நம் ஆட்கள் முதலில் வந்தது கித்தாவுக்கு அல்ல. 1890-களில் இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பி விலை விழுந்ததும் துரைமார்கள் கித்தா நட்டார்கள். 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் கட்டிய வரியிலிருந்து தொழிலாளிக்குக் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. 1910-இல் சஞ்சிக்கூலி முறை ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறைதான். 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. ஆகவே உங்கள் குடும்பத்தின் முதல் தம்பதி தோட்ட வேலைக்கென்று அழைத்துவரப்பட்டவர்களாக இருந்தால், பெரும்பாலும் 1938-க்கு முன்பே வந்திருப்பார்கள். இந்த ஒரு கணக்கே தேடும் காலத்தைச் சுருக்கிக் கொடுத்துவிடும்.

அந்தத் தம்பதி எப்படி வாழ்ந்தார்கள்? விடியுமுன் பெரட்டு. கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா வெட்டுக்குப் போவாள். 1920-களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயித்தார்கள். பத்துக் காசு குறைவு அநியாயம்தான். ஆனால் வம்சாவளி தேடுகிறவருக்கு அதிலே ஒரு தடயம் இருக்கிறது. பெண்ணுக்குத் தனிக் கூலி என்றால் செக்ரோலில் தனிப் பெயர். நெபிராஸ்காவில் ஃப்ரீமன் நிலத்தின் பட்டா கணவன் பெயரில் இருந்தது. நம் பாட்டியோ, பாட்டன் பெயருக்குள் ஒளிந்துகொள்ளாமல் தன் பெயரிலேயே கணக்கில் நின்றாள்!

1941-இல் இதே கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் தலைவர்களில் ஒருவர். கூலி உயர்வு மட்டுமல்ல, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கை. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்து ஜப்பானியர் வந்தார்கள். 1942, 1943-இல் சயாம் மரண ரயில் வேலைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். "பெரியப்பா ஒருத்தர் இருந்தாராம், சயாமுக்குப் போனவர்தான்" என்று பல வீடுகளில் ஒரு கிளை பாதியில் முறிந்து நிற்பது இதனால்தான். முறிந்த கிளையையும் மரத்தில் வரையுங்கள். பெயரை மட்டும் எழுதினாலும் போதும்.

கடலோரம்: நதி முடிகிற இடம்

மறுபடி ரயில் ஏறினால் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். 1901 செப்டம்பரில் இது போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களுக்குள் மலேரியா தாக்கித் துறைமுகத்தையே நிலைகுலைய வைத்தது. கிள்ளான் அரசாங்க டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துக் கொசுவை ஒடுக்கினார். வடிகால் வெட்டிய கைகள் கூலித் தொழிலாளர்களுடையவை. 1972-இல் துறைமுகத்தின் பெயர் மாறியது.

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பல் தளத்தில் படுத்துப் பல நாள் பயணம் செய்து, பினாங்கிலோ இங்கேயோ அவர்கள் கரை இறங்கினார்கள். பழைய தலைமுறைக்கு மறக்க முடியாத பெயர் ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. அதற்குப் பின் எம். வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடிக்கும்வரை ஓடியது. "தாத்தா ரஜூலாவில் வந்தார்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அவர் 1926-க்கு முன்பு வரவில்லை என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கரையில் நின்று பாருங்கள். கோலாலம்பூருக்கு வடகிழக்கே மலையில் பிறந்த கிள்ளான் நதி இங்கேதான் கடலில் கலக்கிறது. நதிக்கு இது முடிவு. நமக்கோ இதுதான் மூலம்!

குலதெய்வம் சொல்லும் ஊர்

இங்கிருந்து அந்தக் கரைக்குப் பாலம் போடுவது எப்படி? காகிதம் இல்லாத இடத்தில் சாமி உதவும். கித்தாக் காட்டுக்கு வந்தவர்கள் குலதெய்வத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். வருடம் ஒரு முறை படையல் போடும்போது எந்தச் சாமியின் பெயரைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பொன்னர் சங்கர் என்றால் மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூரை நினைக்கலாம். அங்காளம்மன் என்றால் விழுப்புரம் பக்கத்து மேல்மலையனூரை நினைக்கலாம். மாரியம்மனும் மதுரைவீரனும் எல்லா ஊரிலும் இருப்பதால் அவர்களை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அடுத்தது முறைப் பெயர். அப்பாவின் அம்மாவை உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்? ஆயாவா, அப்பாயியா, அப்பத்தாவா? இதுவும் ஆர்க்காடா, திருச்சியா, தெற்குச் சீமையா என்று திசை காட்டும். நம் தோட்டத்து மக்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். சாமி, முறைப் பெயர், பக்கத்துக் கதவுக்காரர் ஊர் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் ஊர் ஏறக்குறையப் பிடிபட்டது போலத்தான்.

இதற்கு நல்ல சந்தர்ப்பம் பத்துமலைத் தைப்பூசம். 1873-இல் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்துக்கு வழிகோலிய தம்புசாமி பிள்ளைதான் பத்துமலைக் கோயிலையும் தொடங்கியவர். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. அவர் பெயரைச் சரித்திரம் மறக்கவில்லை. அந்த மலைக்குக் காவடி சுமந்து வந்தவர்களின் பெயர்களை நாம்தான் சேர்க்க வேண்டும். சிதறிப்போன தோட்டத்து உறவுகள் தைப்பூசத்தில் ஒன்றுகூடுகிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் நிற்கும்போது மோரோடு சேர்த்து ஊர்ப் பெயரையும் விசாரியுங்கள்.

காகிதம் ஏன் முக்கியம்?

"பழங்கதை தெரிந்து வயிறு நிறையுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேளுங்கள், இது வெறும் பழங்கதை அல்ல. 1948-இல்தான் அடையாள அட்டை வந்தது. கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். முனியாண்டி ஓரிடத்தில் ஒரு மாதிரியும், லெட்சுமி இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுத்தாயின. ஒரே அப்பாவுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் அட்டையில் அப்பா பெயர் மூன்று விதமாக இருந்தால், அவர் காலமான பிறகு சேமநிதிப் பணம் வாங்கும் நாளில் மூவரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னும் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. பதிவு இல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகக் குடியுரிமை வராது, தாய் வழியைத்தான் பார்ப்பார்கள். தாய் எந்த ஆவணமும் இல்லாதவராக இருந்துவிட்டால் பிள்ளையின் கதி என்ன? இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டிலேயே வளர்ந்து, நாடற்றவர் என்று நிற்க வேண்டி வருகிறது. அந்தப் பிள்ளையின் கொள்ளுப்பாட்டி இங்கே காடு வெட்டியவள் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆகவே பழைய பிறப்புப் பத்திரம், பழைய அட்டை, கப்பல் பாஸ்போர்ட்டு எது கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். தகர டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் மஞ்சள் படிந்த காகிதம் நாளைக்கு ஒரு பேரப்பிள்ளையின் கதவைத் திறக்கும் சாவியாகலாம்.

எங்கே தொடங்குவது?

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் உள்ள மூத்தவரிடம் முதலில் உட்காருங்கள். "உங்கள் வம்சாவளி என்ன?" என்று கேட்டால் அவருக்குப் பதில் வராது. "சின்ன வயதில் எந்த லயத்தில் இருந்தீர்கள்? பக்கத்துக் கதவில் யார்? கங்காணி பெயர் என்ன? ஊரிலிருந்து கடிதம் வந்தால் யார் படித்துக் காட்டுவார்கள்?" என்று கேளுங்கள். மடை திறந்தாற்போல் வரும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். யாருக்கு யார் பிரசவம் பார்த்தார்கள் என்பது வரை அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

இரண்டாவது பள்ளிக்கூடம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, படிக்கும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேடு பத்திரமாக இருக்கும் தமிழ்ப்பள்ளியில் தாத்தாவின் பெயரும் அவருடைய அப்பா பெயரும் ஒரே வரியில் கிடைக்கக்கூடும். தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேட்டால் உதவுவார். கேரித்தீவில் இன்றும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன.

மூன்றாவது கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1957-இல் தொடங்கப்பட்ட அங்கே 1875 முதலான சிலாங்கூர் அரசாங்கக் கோப்புகள் இருக்கின்றன. தோட்டங்களையும் தொழிலாளர்களையும் பற்றிய கடிதப் போக்குவரத்தும் அவற்றில் உண்டு. உங்கள் பாட்டன் பெயரே கிடைத்துவிடும் என்று எண்ணிப் போக வேண்டாம். அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர் கிடைத்தாலே அரைக் கிணறு தாண்டிய மாதிரி.

நான்காவது மயானம். தோட்டத்து மயானங்கள் மேம்பாட்டு வேலைகளில் மறைந்துகொண்டே வருகின்றன. கல்லறையில் எழுத்து இருந்தால் படம் எடுத்து வையுங்கள். கல்லே இல்லாவிட்டாலும், எந்த மரத்தடியில் யாரை அடக்கம் செய்தார்கள் என்பதை அறிந்தவர் கண்ணை மூடுமுன் எழுதி வாங்குங்கள்.

எழுதும்போது நல்லதை மட்டும் எழுதாதீர்கள். கடனுக்குப் பயந்து வந்தவர், சாதி மாறிக் கல்யாணம் செய்து ஊரை விட்டு ஓடிவந்தவர், இங்கே வந்து இரண்டாம் தாரம் கட்டியவர் எல்லோரும் நம் மரத்தின் கிளைகள்தான். மறைத்தால் மரம் பொய்யாகிவிடும். 1969-க்குப் பின் வேலை பெர்மிட்டு கிடைக்காமல் கப்பலேறித் திரும்பிப் போன சித்தப்பா, அத்தை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிள்ளைகள் தமிழ்நாட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பயணத்துக்கு ஆகும் செலவு ரயில் டிக்கெட்டும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். அதன் முதல் பக்கத்தில், மேலே, கடல் கடந்து வந்த அந்தத் தம்பதிக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள். இப்போதைக்கு அவை காலியாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே பிள்ளைகளின் பெயர்களிலிருந்து எழுதிக்கொண்டே மேலே வாருங்கள். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். மூத்தவர்கள் நமக்காகக் காத்திருக்கலாம், காலம் காத்திருக்காது.